விளம்பரத்தின் வாயை அடைத்த பெட்டி

திருகோணமலைக்குத் தொலைக்காட்சி வந்தது என்று சொல்வது கொஞ்சம் மிகை. பெட்டி வந்தது, கூரைக்கு மேலே கம்பம் வந்தது. படம் மட்டும் கொழும்புப் பக்கமிருந்து புறப்பட்டு, மலைகளைத் தாண்டிக் களைத்து, பாதி உயிரோடு எங்களிடம் வந்து சேர்ந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊரில் செய்தி வாசித்த எல்லோருக்கும் இரண்டு மூக்குகள் இருந்தன. கம்பத்தில் குரங்கு ஏறினால் மூன்று. சத்தத்துக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. அதிலும் விளம்பரச் சத்தம் மலையாவது கடலாவது என்று நேரே வீட்டுக்குள் வந்து கதிரை போட்டு உட்கார்ந்தது.

அப்போது நான் பஸ் நிலையத்திலிருந்து உள்துறைமுகத்துக்குப் போகும் வழியில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தேன். பிரிட்டிஷ் கடற்படை இருந்த காலத்தில் அவர்களுடைய வேலைத்தளத்தில் சேர்ந்து, கம்பியில்லாக் கருவிகளைத் திறந்து மூடக் கற்றுக்கொண்டவன் நான். அவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். திறந்து மூடும் பழக்கம் என்னிடம் தங்கிவிட்டது. தொலைக்காட்சி வந்ததும் கடைப் பலகையில் 'றேடியோ' என்பதற்குப் பக்கத்தில் 'ரீவி' என்று எழுதினேன். அதைத் தவிர வேறு தகுதி எதையும் நான் புதிதாகப் பெறவில்லை.

ஒரு நாள் காலையில் ஓய்வுபெற்ற நீதிமன்றப் பதிவாளர் ஒருவர் கடைக்கு வந்தார். வெள்ளை நீளக்காற்சட்டை, கையில் ஒரு கடிதக் கோவை. மத்திய கிழக்கில் வேலை செய்த மகன் அவருக்குப் பெரிய ரீவி ஒன்று அனுப்பியிருந்தான். கம்பம் நட்டுக் கொடுத்தது நான்தான். இந்த ஊரிலேயே மெதுவாகக் கதைக்கும் மனிதர் அவர். நீதிமன்றத்தில் அவர் வாய் திறக்கப் போகிறார் என்றால் காற்றாடியை நிறுத்திவிடுவார்கள் என்று சொல்வார்கள். குரலை உயர்த்துவது கல்வியறிவு இல்லாதவர்களுடைய வேலை என்பது அவருடைய கொள்கை. நான் கடை றேடியோவை நிறுத்திவிட்டு மேசைக்கு மேலாகச் சாய்ந்து, காதைக் கொடுத்தேன்.

"விளம்பரம் வரேக்க சத்தம் கூடுது," என்றார்.

"எல்லா வீட்டிலயும் அப்பிடித்தான் ஐயா."

"எல்லா வீட்டிலயும் களவு போனால் களவு சரியாகிடுமோ?"

அவர் கோவையைத் திறந்தார். கொழும்பில் உள்ள நிலையத்துக்கு அவர் ஆங்கிலத்தில் எழுதிய மூன்று கடிதங்களின் பிரதிகளும், அங்கிருந்து வந்த ஒரேயொரு பதிலும் அதற்குள் இருந்தன. பதில் மிகவும் மரியாதையான பதில். தாங்கள் அளந்து பார்த்ததில் விளம்பரத்தின் சத்தம் அனுமதித்த எல்லையைத் தாண்டவில்லை என்றும், அவருடைய பெட்டியைத் திறமையான ஒரு தொழிலாளியிடம் காட்டுவது நல்லது என்றும் எழுதியிருந்தார்கள்.

"நீர் திறமையான தொழிலாளியோ?" என்று பதிவாளர் கேட்டார்.

கொழும்புக்காரர் என்னை அறியாமலே என் மேல் பழியைப் போட்டிருந்தார்கள். அன்று பின்னேரமே சைக்கிளை எடுத்துக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் இரண்டே பேர், அவரும் அவருடைய மனைவியும். செய்தி முடிந்து தமிழ் நாடகம் தொடங்கியது. நாடகத்தில் எல்லோரும் ஏதோ சாவீட்டில் கதைப்பது போல முணுமுணுத்தார்கள். பத்து நிமிடம் கழித்துத் துணி துவைக்கிற சவர்க்கார விளம்பரம் வந்தது. சுவரில் தொங்கிய கலண்டர் நடுங்கியது.

"இஞ்ச பாரும், அதைக் குறையும்," என்று பதிவாளர் தன் மெல்லிய குரலில் மனைவிக்குச் சொன்னார். அந்த அம்மா அசையவில்லை. அவர் கையைத் தூக்கிக் காட்டிய பிறகு எழுந்து, சவர்க்காரத்தை முழுவதும் பார்த்து முடித்து, அதற்குப் பிறகு குமிழைத் திருப்பினா. அதற்குள் விளம்பரம் முடிந்து நாடகம் வந்துவிட்டது. இனி நாடகம் கேட்காது.

"ஒவ்வொரு நாளும் இதுதான்," என்றார் பதிவாளர். "ஆக்கள் எழும்பிப் போய்க் குறைக்கிற விசயம் சரிவராது. தன்பாட்டில குறைக்கிற மாதிரி ஒண்டு செய்து தாரும். ஏலுமோ?"

ஏலாது என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்தச் சொல் வாயில் வருவதில்லை. என் வாழ்க்கையில் நடந்த பெரும்பாலான தொல்லைகளுக்கு இதுவே காரணம்.

முதல் பெட்டியை ஒரு வாரத்தில் செய்தேன். பிஸ்கட் தகரம் ஒன்றுக்குள் நாலைந்து ட்ரான்சிஸ்டர்கள். ரீவியின் உள்ளே சத்தம் போகும் வழியை வெட்டி, இந்தத் தகரத்துக்குள்ளால் சுற்றிப் போக விட்டேன். ஒரு அளவுக்கு மேல் சத்தம் எழும்பினால் தகரம் அதை அமுக்க வேண்டும். கடையில் சோதித்தபோது அற்புதமாக அமுக்கியது. பதிவாளர் வீட்டிலும் அமுக்கியது. விளம்பரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அமுக்கியது.

நாடகத்தில் மகன் செத்த செய்தி கேட்டுத் தாய் அலறினாள். தகரம் அவளுடைய கழுத்தைப் பிடித்தது. இடி இடித்தது, தும்மல் போலக் கேட்டது. பிறகு பால்மா விளம்பரம் வந்தது. தகரம் எழுந்து நின்று வழிவிட்டது.

பதிவாளர் என்னைப் பார்த்த பார்வையில், பொய்ச்சாட்சி சொன்னவர்கள் அந்தக் காலத்தில் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பது விளங்கியது.

இரண்டு நாள் கடையைச் சாத்திவிட்டு யோசித்தேன். கொழும்புக்காரர் பொய் சொல்லவில்லை. விளம்பரம் எல்லையைத் தாண்டுவதே இல்லை. நாடகத்தில் அழுகிற பெண் அதைவிட உயரத்துக்குப் போகிறாள், ஆனால் அவள் மூச்சு வாங்குகிறாள், மெதுவாகவும் கதைக்கிறாள். விளம்பரம் மூச்சே வாங்குவதில்லை. எல்லைக்கோட்டில் கால் வைத்து ஏறி நின்று, இறங்காமல் கத்துகிறது. சட்டத்துக்குள் நின்றுகொண்டே அயலவனை வதைக்க இப்படியும் வழி உண்டு. அதைக் கண்டுபிடித்தவன் எவனோ, அவனைத் தொழில்நுட்பக்காரன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல சட்டத்தரணியாக வந்திருப்பான்.

ஆகவே எவ்வளவு உயரம் என்று பார்த்துப் பயனில்லை, எவ்வளவு நேரம் ஓயாமல் கத்துகிறது என்று பார்க்க வேண்டும். பெரிய கொண்டென்சர் ஒன்றைப் போட்டேன். அது வாளியில் தண்ணீர் நிறைவது போல மெதுவாக நிறையும். நாலைந்து விநாடி ஓயாமல் சத்தம் வந்தால் வாளி நிறைந்து, தகரம் சத்தத்தை அமுக்கிவிடும். அமைதி வந்தால் வாளி மெதுவாக வடியும். இந்தமுறை வேலை செய்தது. சவர்க்காரம் நாலு விநாடி கத்தியது. பிறகு யாரோ வாயைப் பொத்தியது போலத் தணிந்து போனது. திரும்பி வந்த நாடகத்தின் முதல் இரண்டு வசனங்களும் வாளி வடியும் வரை கேட்காது. அந்த நாடகங்களுக்கு அதனால் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை.

பதிவாளர் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். தகரத்துக்குப் பூவேலை செய்த துணியொன்று போர்த்தினார். அடுத்த வாரம் முழுவதும் அவர் வீட்டில் சபை கூடியது. பக்கத்து வீட்டு ஆசிரியர் வந்தார், தபாற்கந்தோர்க்காரர் வந்தார், கிண்ணியாவிலிருந்து துறை கடந்து ஒரு முதலாளி வந்தார். எல்லோரும் வரிசையாகக் கதிரையில் அமர்ந்து, எப்போது விளம்பரம் வரும் எப்போது விளம்பரம் வரும் என்று காத்திருந்தார்கள். நாடகம் நீண்டால் கொட்டாவி விட்டார்கள். விளம்பரம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, அது கேட்காமல் போவதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். இந்தத் தீவில் விளம்பரங்களை இவ்வளவு மரியாதையாகப் பார்த்தவர்கள் வேறெங்கும் இருந்திருக்க மாட்டார்கள்.

அம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, பின்னால் நின்று கொஞ்சம் பார்த்துவிட்டு, குசினிக்குப் போய்விட்டா. அதை நான் கவனித்தேன். அதற்கு அர்த்தம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

ஒரு புதன்கிழமை பத்து மணியளவில் அம்மா தனியாகக் கடைக்கு வந்தா. ஒரு கையில் குடை, மறு கையில் மீன்பை, பைக்குள்ளிருந்து பாரைமீனின் வால் எட்டிப் பார்த்தது. நான் உள்ளே குனிந்து எதையோ தேடிக்கொண்டு, "வாங்கோ அம்மா, பெட்டி எப்பிடி?" என்று கேட்டேன். பதில் இல்லை. திரும்பவும் கேட்டேன். பதில் இல்லை. கோபமாக இருக்கிறா என்று நினைத்து நிமிர்ந்தேன்.

"தம்பி, என்னைப் பாத்துக் கதையுங்கோ," என்றா.

"பெட்டி வேலை செய்யேல்லையோ எண்டு கேட்டனான்."

"வேலை செய்யுது. அதுதான் கரைச்சல்." குடையை மேசையில் சாத்திவிட்டுக் கதிரையில் அமர்ந்தா. "அதை நீங்கள் பழுதாக்கித் தரவேணும்."

திருத்தச் சொல்லித்தான் இவ்வளவு காலமும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். பழுதாக்கச் சொல்லி ஒருவரும் வந்ததில்லை. அதை ஒருவரும் கேட்காமலே நான் செய்து கொடுத்துவந்தேன். "ஏன் அம்மா?" என்று கேட்டேன்.

"எனக்கு நாலு வருசமாக் காது கேக்கிறேல்ல. துப்பரவாக் கேக்கிறேல்ல எண்டு இல்லை. மெல்லமாக் கதைச்சா ஏலாது. அந்த ரீவியில எனக்குக் கேக்கிறது விளம்பரம் மட்டுந்தான். நாடகத்தில வாய் அசையுது, என்ன கதை எண்டு தெரியாது. பால்மாவுக்கு வாற பெட்டை ஒருத்திதான் என்னோட விளங்கக் கதைக்கிறவள். அவளையும் நீங்கள் அமத்திப் போட்டீங்கள்."

ஐயாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாது. சொல்லவும் வேண்டாம். அவர் பிறந்ததில இருந்து மெல்லமாக் கதைச்ச மனிசன். அவரைப் போய் உரத்துக் கதையுங்கோ எண்டு சொல்லுறதோ?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதோட, அவர் சொல்லுற எல்லாம் எனக்குத் தெரியும். முப்பத்தேழு வருசம். வாயைப் பாத்தாப் போதும். கேக்கத் தேவையில்லை," என்றா.

அன்று பின்னேரம் சும்மா பார்க்க வந்தது போல அவர்கள் வீட்டுக்குப் போய், பூவேலைத் துணியை விலக்கி, என் வாழ்க்கையில் செய்த ஒரேயொரு நல்ல கருவியின் ஒரு சிவப்பு வயரைப் பிடுங்கிவிட்டு வந்தேன். அன்றைக்கு இரண்டு மணித்தியாலம் சவர்க்காரமும் பால்மாவும் தேயிலையும் அந்த வீதியையே ஆண்டதாக ஆசிரியர் சொன்னார்.

மறுநாள் காலையில் பதிவாளர் கோவையும் தகரமுமாக வந்துவிட்டார். கொடுத்துவிட்டுப் போகிறவர் அல்லவே. முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு, நான் திருத்துவதைப் பார்க்க உட்கார்ந்தார்.

நான் எல்லாவற்றையும் சோதித்தேன். ட்ரான்சிஸ்டர்களைத் தட்டினேன், கொண்டென்சரை ஊதினேன், உப்புக்காற்று என்றேன், கொழும்பிலிருந்து சாமான் வரவேண்டும் என்றேன். அவர் அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, நீர் அந்தச் சிவப்பு வயரைத் தவிர மற்ற எல்லாத்தையும் பாக்கிறீர்."

முப்பது வருடம் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் இருந்தவரிடம் நான் நடித்திருக்கிறேன். என்னுடைய கெட்டித்தனத்தை என்னவென்று சொல்வது.

"ஆர் கழட்டினது?"

"நான்தான் ஐயா."

"ஏன்?"

சத்தியம் செய்து கொடுக்கவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அம்மா சொன்னதை முழுவதும் சொன்னேன். அவர் கோபிப்பார், இந்தக் கடைப்பக்கம் இனி வரமாட்டார் என்று எதிர்பார்த்தேன். அவர் கழன்று கிடந்த சிவப்பு வயரை விரலால் தொட்டுப் பார்த்தார். வெளியே துறைமுகத்தில் ஏதோ கப்பல் கூவி ஓய்ந்தது.

"நாலு வருசமோ?" என்றார்.

"அப்பிடித்தான் சொன்னவ."

அவர் கோவையை மடியில் வைத்துக்கொண்டு, மேசையைப் பார்த்தபடி கதைத்தார். அவருடைய மனைவியின் தமக்கை வெருகலில் இருந்தவ. அந்தத் தமக்கை கடும் வருத்தத்தில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறா என்று ஒரு முறை தந்தி வந்திருக்கிறது. நீதிமன்றத்தில் பெரிய வழக்கு நடந்த வாரம் அது. மூதூர்த் துறை கடந்து தனியே போக வேண்டாம், வெள்ளி முடிய நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று இவர் தடுத்திருக்கிறார். வியாழக்கிழமை இரண்டாவது தந்தி வந்தது.

"கனகாலம் அதைப் பற்றி நாங்கள் கதைக்கேல்ல. நான் பென்சன் எடுத்த பிறகு ஒரு நாள், குசினிக்க நிண்டவ. வாசல்ல நிண்டு சொன்னனான், அண்டைக்கு உம்மை மறிச்சது என்ர பிழை, மன்னிச்சுக்கொள்ளும் எண்டு. அவ திரும்பியும் பாக்கேல்ல. தேங்காய் துருவிக்கொண்டே நிண்டவ. சரி, மன்னிக்கேல்ல, அது அவவின்ர உரிமை எண்டு நான் பேசாமல் போயிட்டன்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அது மூண்டு வருசத்துக்கு முந்தி."

நான் கணக்குப் பார்க்கவில்லை. அவர் பார்த்துவிட்டார்.

"நீரும் வாரும்," என்று எழுந்தார். எதற்கு என்று கேட்கவில்லை. கடையைப் பூட்டாமலே அவருக்குப் பின்னால் நடந்தேன். வழியில் நகரசபைப் பக்கம், எங்கள் ஊருக்குள் ஆடுமாடு போலத் திரியும் மான்கள் எங்களைப் பார்த்துவிட்டுத் தங்கள் பாட்டில் குப்பையை மேய்ந்தன.

அம்மா குசினியில் வாசலுக்கு முதுகு காட்டி நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. பதிவாளர் வாசலில் நின்று தன் வழக்கமான குரலில், "நான் வந்திட்டன்," என்றார். அம்மா திரும்பவில்லை. இன்னொரு முறை சொன்னார். வெங்காயத் தோல்தான் விழுந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தைப் பற்றிக் கிண்டலாக எழுத எனக்கு இன்றும் வராது.

பிறகு அவர் மூச்சை இழுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தினார்.

"அக்காவிட்டப் போக விடாதது என்ர பிழை! மன்னிச்சுக்கொள்ளும்!"

குரல் பழக்கமில்லாததால் நடுவில் உடைந்தது, ஆனால் நல்ல உரப்பு. ஆசிரியர் வீட்டு நாய் குரைத்தது. மதிலுக்கு மேலே இரண்டு தலைகள் எழும்பின. அம்மா துள்ளித் திரும்பினா. கண்ணில் ஏற்கெனவே வெங்காயக் கண்ணீர். அதில் எது எது என்று பிரிக்க முடியவில்லை.

"ஏன் கத்துறீங்கள்? சனம் கேக்கப் போகுது."

"கேக்கட்டும்! மூண்டு வருசத்துக்கு முந்தி இதே இடத்தில சொன்னனான்! உமக்குக் கேக்கேல்ல!"

அம்மா கத்தியை வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தா. "சொன்னீங்களோ?" என்றா. "நீங்கள் அதைப் பற்றி வாயே திறக்கேல்ல எண்டெல்லோ நான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

எனக்கு அங்கே நிற்பதற்கு ஒரு நியாயமும் இருக்கவில்லை. இருந்தும் கொஞ்ச நேரம் நின்றேன். அம்மா எனக்கு முகம் கொடுத்து, "நீங்கள்தானே சொன்னது?" என்று கேட்டா. தலையை ஆட்டினேன். "இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்," என்றா. அது தண்டனையா மன்னிப்பா என்று தெரியாமல் குடித்தேன். சீனி கூடத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் வீட்டில் உரத்துத்தான் கதைத்தார். அனுபவமில்லாததால் அளவு தெரியவில்லை. மீன் என்ன விலை, மலசலகூடத்துக்குத் தண்ணீர் வருகிறதா, மருமகளின் குணம் எப்படி என்ற சகல விபரமும் அந்த வீதிக்கு நாள் தவறாமல் கிடைத்தது. ஒரு நாள் ஆசிரியர் கடைக்கு வந்து, சுற்றிச் சுற்றிக் கதைத்துவிட்டு, அந்தத் தகரம் ரீவிக்கு மட்டுந்தான் பூட்டலாமா என்று கேட்டார்.

கொழும்புக்குப் போய்க் காதுக்கு மிசின் வாங்கி வந்தார்கள். அம்மா அதை மூன்று நாள் போட்டா. காகங்கள் இவ்வளவு கத்துவது தனக்கு மறந்துபோயிருந்ததாகவும், அது மறந்தே இருப்பது நல்லது என்றும் சொல்லி அலுமாரியில் வைத்துப் பூட்டினா. கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் மட்டும் எடுத்தா. ரீவிக்கு வேறு வழி பார்க்கச் சொல்லி என்னிடம்தான் வந்தார்கள். எனக்குத்தான் 'ஏலாது' என்ற சொல் வாயில் வராதே.

ரீவியிலிருந்து நீளமான வயர் ஒன்று இழுத்து, மின்சாரம் ஆளைப் பிடிக்காமல் நடுவில் சின்ன ட்ரான்ஸ்போமர் வைத்து, காதை மூடுகிற பெரிய ஹெட்போன் ஒன்றைப் பூட்டினேன். கடற்படைக்காரர் விட்டுப்போன சாமான். அதைச் செருகினால் ரீவியின் வெளிச் சத்தம் அறுந்துவிடும். உள்ளே சத்தத்தை வேண்டிய அளவுக்குக் கூட்டலாம். வெளிச் சத்தமும் கூடவே வரும்படி செய்திருக்கலாம். இன்னும் இரண்டு வயர்தான். அம்மா, "அது தேவையில்லைத் தம்பி," என்றா. நான் வற்புறுத்தவில்லை.

பூட்டிய அன்றைக்குப் பின்னேரம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் கதிரை போட்டு அமர்ந்தார்கள். அம்மா காதை மூடிக்கொண்டா. வீடு முழுவதும் அமைதி. சவர்க்காரம் வந்தது, வாயை அசைத்தது, போனது. பதிவாளர் கேட்ட அமைதி ஒரு குறையுமில்லாமல் அவருக்குக் கிடைத்துவிட்டது. பிறகு நாடகம் தொடங்கியது. ஒருத்தி அழுதாள், ஒருவன் கதவைச் சாத்திக்கொண்டு போனான், கிழவர் ஒருவர் கடிதம் வாசித்தார். அம்மா முன்னால் குனிந்து, சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தா.

பதிவாளர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் அம்மாவின் தோளைத் தட்டி, "என்னவாம்?" என்று கத்தினார்.

"பொறுங்கோ," என்றா அம்மா, திரும்பாமலே. "விளம்பரத்துக்க சொல்லுறன்."